மைக்ரான் இடைவெளியில் ஏழரை டன்

அடுகோடி என்றால் பெங்களூருத் தமிழர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மைகோதான். 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது. 2022-இல் அந்த வளாகம் கணினித் திரைகளும் ஆய்வுக்கூடங்களும் நிறைந்த 'ஸ்பார்க் நெக்ஸ்ட்' ஆகிவிட்டது. ஆனால் பல பத்தாண்டுகள் அங்கே நடந்த வேலையின் சாரம், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான். டீசல் பம்புக்குள் பிளஞ்சர், பேரல் என்று ஒரு ஜோடி இருக்கும். பிளஞ்சர் பேரலுக்குள் வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போகும். நடுவில் ரப்பர் சீல் எதுவும் கிடையாது. சில மைக்ரான் இடைவெளி மட்டும்தான். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான். ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொரு ஜோடியின் பேரலில் போட்டால் சரிப்படாது. தேய்ந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி மழைநீர் வாய்க்கால் தோண்ட வந்து நிற்கும் பேக்ஹோ லோடரிலும் (தெருவில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் அது ஜேசிபிதான்) இதே மாதிரி ஒரு ஜோடி இருக்கிறது. ஸ்டியரிங் கம்பத்தின் அடியில், ஓட்டுநரின் கால்மாட்டில். அதற்கு ஸ்பூல், ஸ்லீவ் என்று பெயர். இரண்டையும் சேர்த்து உள்ளே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியை மெக்கானிக்குகள் ஆர்பிட்ரால் என்பார்கள். வண்டியின் ஸ்டியரிங் 'டைட்' ஆனதும் எல்லோரும் முதலில் கை காட்டுவது இந்தப் பெட்டியைத்தான். விலையும் இதற்குத்தான் அதிகம். பெரும்பாலும் குற்றம் இதன்மேல் இருக்காது.

ஜேசிபி என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரரான ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1945-இல் உட்டாக்ஸிட்டர் என்ற சிறு ஊரில் ஒரு கொட்டகையில் பட்டறை போட்டார். முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையுமாக ஒரே வண்டியை 1953-இல் கொண்டுவந்தார். இந்தியாவில் 1979-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கரில் தயாரிப்பு தொடங்கியது. இன்று நாடெங்கும் ஓடும் 3டிஎக்ஸ் ரகத்தின் எடை சுமார் ஏழரை டன். மண் நிரம்பிய பக்கெட்டைத் தூக்கினால் எடையில் பெரும்பங்கு முன் அச்சின் தலையில் ஏறிவிடும். அந்த நிலையில் சேற்றில் புதைந்து நிற்கும் சக்கரங்களை ஓட்டுநர் ஒரு கையால், சில சமயம் ஒரே விரலால் திருப்புகிறார்.

அவர் திருப்பும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு எதுவும் கிடையாது. பவர் ஸ்டியரிங் வைத்த சாதாரணக் காரில் எண்ணெய் நின்றுபோனாலும் கம்பியும் பல்சக்கரமும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பேக்ஹோவில் அப்படி இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து நான்கைந்து ஹோஸ்கள் புறப்படுகின்றன, அவ்வளவுதான். மணிக்கு நாற்பது கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும் வண்டி என்பதால் இந்த ஏற்பாடு செல்லுபடியாகிறது.

ஆர்பிட்ரால் பெட்டியின் மூலக் கருத்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் லின் சார்ல்சன் என்பவருடையது. அவரது சார்-லின் கம்பெனிதான் ஆர்பிட்ரால் என்ற பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெட்டிக்குள் ஏழு பள்ளங்கள் கொண்ட வளையம்; அதற்குள் ஆறு பற்கள் கொண்ட நட்சத்திர வடிவச் சக்கரம். ஒரு பல் குறைவாக இருப்பதுதான் சூட்சுமம். உள்ளே இருக்கும் நட்சத்திரம் நின்ற இடத்தில் சுற்றாது, வளையத்துக்குள் தானும் உருண்டு வலம் வரும். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் ஆறு முறை வலம் வந்திருக்கும். ஒவ்வொரு வலத்திலும் ஏழு அறைகள் நிரம்பிக் காலியாகும். ஆக ஒரு சுற்றுக்கு நாற்பத்திரண்டு தடவை எண்ணெய் அளந்து ஊற்றப்படுகிறது.

அளப்பது என்பதே இங்கே முக்கியம். ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியதும் ஸ்பூல், ஸ்லீவுக்குள் சில டிகிரி விலகும். இரண்டிலும் உள்ள துளைகள் நேர்படும். பம்பிலிருந்து வரும் எண்ணெய் நட்சத்திரத்தின் வழியாக அளக்கப்பட்டு, சக்கரங்களைத் தள்ளும் சிலிண்டருக்குப் போகும். நட்சத்திரம் சுற்றும்போது ஸ்லீவையும் இழுத்துக்கொண்டு சுற்றுவதால், ஓட்டுநர் கையை நிறுத்திய கணமே ஸ்லீவ் ஸ்பூலை எட்டிப் பிடித்து வழியை மூடிவிடும். எட்டிப் பிடிக்க உதவுபவை சில தட்டை வில்கள். அவற்றில் ஒன்று உடைந்தால் ஸ்டியரிங் தானாக நடுநிலைக்கு வராது. கையை எடுத்த பிறகும் வண்டி கொஞ்சம் திரும்பிக்கொண்டே போகும்.

பலம் வருவது பம்பிலிருந்து. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு கிட்டத்தட்ட இருபது சதுர சென்டிமீட்டர். அதன்மீது 150 பார் அழுத்தம் விழுந்தால் தள்ளும் விசை மூன்று டன் எடைக்குச் சமம். விரலில் கொடுத்த சில கிலோ, சக்கரத்தில் டன்களாக மாறுவது இப்படித்தான்.

அந்தப் பம்புக்கு வேறு வேலைகளும் உண்டு. பக்கெட்டைத் தூக்குவது, தோண்டும் கையை நீட்டுவது எல்லாம் அதே எண்ணெய். எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது? பெரும்பாலான வண்டிகளில் பிரையாரிட்டி வால்வு என்ற ஒன்று இதைத் தீர்மானிக்கிறது. ஸ்டியரிங் கேட்டதைக் கொடுத்த பிறகுதான் மிச்சம் மற்றவற்றுக்கு. ஸ்டியரிங் எவ்வளவு கேட்கிறது என்ற செய்தியை ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக அழுத்தமே வந்து சொல்லும். அந்தக் குழாயில் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று இருக்கும். அதில் ஒரு துணுக்குக் குப்பை போய் உட்கார்ந்தால் போதும்: பம்ப் நன்றாக இருக்கும், ஆர்பிட்ரால் நன்றாக இருக்கும், ஸ்டியரிங் மட்டும் கல்லாகக் கிடக்கும். புது ஆர்பிட்ரால் வாங்கி மாட்டினாலும் அப்படியேதான் கிடக்கும்.

எஞ்சின் நின்றுவிட்டால்? அப்போது ஆர்பிட்ராலே கைப்பம்பாகிவிடுகிறது. ஓட்டுநர் பலங்கொண்ட மட்டும் சுற்றினால் நட்சத்திரம் எண்ணெயைத் தள்ளும். ஒரு சிறு குண்டு வால்வு திரும்பி வரும் எண்ணெயை மறுபடி உள்ளே எடுத்துக்கொள்ளும். ஓரமாக ஒதுக்குவதற்கு மட்டுமே இது உதவும். எஞ்சின் ஓடும்போதே இந்த அளவுக்குக் கனமாக இருந்தால், பம்பின் எண்ணெய் ஸ்டியரிங்குக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் செய்யும் சோதனை ஒன்று உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் பக்கெட்டைத் தரையில் அழுத்துவார். முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போதும் கனமாக இருந்தால், எண்ணெய் வருவதே இல்லை. அல்லது சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் கிரீஸ் காணாமல் இறுகிப்போயிருக்கிறது. அந்தரத்தில் லேசாகவும் தரையில் கனமாகவும் இருந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது டயரில் காற்று இல்லை. ஐந்து நிமிடத்தில் பாதி வழக்கு முடிந்துவிடும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் பக்கெட்டின் பலத்தில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது. கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்த பிறகுதான்.

அடுத்த கேள்வி: எப்போது டைட்டாக இருக்கிறது? "காலையில நல்லாத்தான் இருந்துச்சு, மத்தியானத்துக்கு மேல கையே வலிக்குது" என்று ஓட்டுநர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் பெரிய தடயம் இருக்கிறது. இந்த வண்டிகளில் பரவலாக ஊற்றப்படும் 46-ஆம் தர ஹைட்ராலிக் எண்ணெயின் பிசுப்பு நாற்பது டிகிரியில் இருப்பதைவிட எண்பது டிகிரியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எண்ணெய் நீர்த்தால் கசிவு கூடும். புதுப் பம்பில் அந்தக் கசிவு பொருட்டில்லை. தேய்ந்த பம்பில் அதுவே ஆளைக் கொல்லும்.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கைத்தான் மைகோக்காரர்கள் வாழ்நாளெல்லாம் பார்த்தார்கள். மெல்லிய இடைவெளி வழியே கசியும் எண்ணெயின் அளவு, அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. சில மைக்ரான் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினாலும் அகப்படாது. ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு மட்டும் தெரியும். அதனால்தான் எண்ணெய் சூடேறாமல் ஹைட்ராலிக் சோதனை எதையும் செய்வதில் அர்த்தமில்லை. ஒர்க் ஷாப்பில் ஆறிய நிலையில் சோதித்துவிட்டு "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பப்பட்ட வண்டிகள் நிறைய.

இனி கேஜ் வேண்டும். டெஸ்ட் போர்ட்டில் பிரஷர் கேஜை மாட்டி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் ஒடித்துச் சில விநாடி பிடித்தால், அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பது முள்ளில் தெரியும். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கம்பெனி சர்வீஸ் புத்தகம் சொல்வதே கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் உடனே வால்வைத் திருகி ஏற்றிவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரை உதறுவது போன்ற வேலை அது. முதலில் பக்கெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பக்கெட்டும் தோண்டும் கையும்கூட மந்தமாக இருந்தால் குறை பம்பிலோ, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சும் ஹோஸிலோ, எண்ணெய் அளவிலோ இருக்கிறது. அவை சுறுசுறுப்பாக இருந்து ஸ்டியரிங் மட்டும் கனத்தால் பிரையாரிட்டி வால்வு, மெல்லிய ஹோஸ், ரிலீஃப் வால்வு என்று தேட வேண்டும். இடப்பக்கம் லேசு, வலப்பக்கம் கனம் என்றால் பம்பை மறந்துவிடலாம், இரண்டு பக்கத்துக்கும் எண்ணெய் கொடுப்பது அதே பம்புதானே! சக்கரம் கல்லில் மோதும்போது எழும் திடீர் அழுத்தத்தை வெளியேற்றும், அந்தப் பக்கத்து ஷாக் வால்வின் இருக்கையில் தூசி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு வகைக் கோளாறில் ஸ்டியரிங் கனமாக இராது, சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் ஓரம் போய் முட்டிய பிறகும் கையில் உள்ள வளையம் நிற்காமல் மெல்ல நழுவும். கொஞ்சம் நழுவுவது இயல்பு. தாராளமாகச் சுற்றினால் அளந்து அனுப்பிய எண்ணெய் எங்கோ குறுக்குவழியில் ஓடுகிறது. குறுக்குவழி இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும்: சிலிண்டரின் பிஸ்டன் சீல், அல்லது ஆர்பிட்ரால். இரண்டையும் பிரிப்பதற்கு எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி அவற்றின் முனைகளை இரும்புப் பிளக்கால் அடைக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது சுவரில் முட்டியதுபோல நிற்க வேண்டும். நின்றால் ஆர்பிட்ரால் நிரபராதி. சிலிண்டருக்கு ஒரு சீல் கிட் போதும். இதைச் செய்து பார்க்காமலே ஆர்பிட்ரால் மாற்றப்படுவதுதான் இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கும் பண விரயம்.

ஓசையையும் கேட்க வேண்டும். பம்ப் ஊளையிட்டு, டேங்கில் எண்ணெய் நுரைத்து, ஸ்டியரிங் பஞ்சுபோலத் துவண்டால் உள்ளே காற்று போகிறது. வெளியே சொட்டு எண்ணெய்கூடத் தெரியாது. உறிஞ்சும் ஹோஸில் இருப்பது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். அங்கே வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது இணைப்பின்மேல் கொஞ்சம் கிரீஸ் அப்பிப் பார்த்து, ஊளை நின்றால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் அது காற்றில்லை, தண்ணீர்.

அழுத்தப் பக்கத்து ஹோஸில் மட்டும் இப்படித் தடவிப் பார்க்கவே கூடாது. அங்கே ஊசித்துளைக் கசிவு ஒன்று இருந்தால், பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். தோலைத் துளைக்க 7 பார் அழுத்தமே போதும். ஸ்டியரிங் ஹோஸில் இருப்பது அதைப் போலப் பல மடங்கு. காயம் எறும்பு கடித்த புள்ளியாகத்தான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய காயம் இது. தாமதித்ததால் விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். மருத்துவமனைக்குப் போனால், உள்ளே போனது ஹைட்ராலிக் எண்ணெய் என்பதை முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சரி, தேய்மானம் எங்கிருந்து வருகிறது? அடுகோடியிலிருந்து பக்கத்தில் இருக்கும் லால்பாக் பாறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். சுமார் முந்நூறு கோடி ஆண்டு பழைய தீபகற்ப நைஸ் பாறை அது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். பெங்களூரு முழுதும் இதே பாறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அடித்தளம் தோண்டும்போது உடைந்து பறக்கும் தூசியில் அந்தப் பாறையின் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. கடினப்படுத்திய எஃகுக்கு ஏறக்குறைய ஈடு. கண்ணில் விழுந்தால் உறுத்தும் துகளைவிட, கண்ணுக்கே தெரியாத துகள்தான் இங்கே ஆபத்து. பெரியது ஃபில்டரில் நின்றுவிடும். இடைவெளிக்குச் சமமான அளவில் உள்ளது ஸ்பூலுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே நுழைந்து உளியாக வேலை செய்யும்.

அது உள்ளே போகும் வழி பெரும்பாலும் ஸ்டியரிங் பக்கம் இல்லை. தோண்டும் கையின் சிலிண்டர் ராடில் கல் பட்டு ஒரு கீறல். கீறலை ஒட்டிய டஸ்ட் சீல் கிழிந்திருக்கும். ராட் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மண் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் எல்லோருக்கும் பொது. பின்னால் விழுந்த கீறலுக்கு முன்னால் உள்ள ஸ்டியரிங் தண்டனை அனுபவிக்கும். மூடியில்லாத கேனில் இருந்து எண்ணெய் ஊற்றுவது, டேங்கின் பிரீதர் உடைந்த பிறகு துணியைச் சுற்றிவிடுவது, எஞ்சின் ஆயிலின் மிச்சத்தை இதில் கலப்பது ஆகியவை இதே கதையின் மற்ற அத்தியாயங்கள்.

எல்லாச் சோதனையும் முடிந்து குற்றம் ஆர்பிட்ராலில்தான் என்று தெரிந்தால், திறக்கலாம். ஓரிங், சீல், தட்டை வில் மாற்றுவது கைகூடும் வேலை. ஸ்பூலிலோ ஸ்லீவிலோ நகத்தில் தட்டும் அளவுக்குக் கீறல் விழுந்திருந்தால் தாளை வைத்துத் தேய்த்துப் பயனில்லை, பிளஞ்சர் கதைதான். பூட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. ஸ்லீவின் குறுக்கே போகும் பின்னுக்கும் நட்சத்திரத்தின் பற்களுக்கும் நடுவே ஒரு குட்டைத் தண்டு இருக்கும். பின் எந்தத் திசையில் நிற்கிறதோ அதற்கேற்ற பல்லில் தண்டு உட்கார வேண்டும். ஒரு பல் தவறினாலும் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. போல்ட் எல்லாம் அழகாக இறுகும். எஞ்சினைத் தட்டியதும் ஆர்பிட்ரால் மோட்டாராக மாறி, ஸ்டியரிங் தானாகவே வேகமாகச் சுழலும். ஆரக்கம்பிக்குள் கை வைத்திருப்பவரின் மணிக்கட்டு முறிந்துவிடும். பிரிப்பதற்கு முன் மார்க்கர் பேனாவால் போடும் ஒரு கோடு இதைத் தடுக்கும். முதல் ஸ்டார்ட்டில் ஸ்டியரிங்குக்குள் யார் கையும் இருக்கக் கூடாது.

பழையதைப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கினால், பெட்டியின் தகட்டில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். சந்தையில் கிடைப்பவை வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும். சார்-லின் கம்பெனியை ஈட்டன் நிறுவனம் வாங்கியது. போட்டியாளரான டென்மார்க்கின் டான்ஃபாஸ் 2021-இல் ஈட்டனின் ஹைட்ராலிக் பிரிவையே வாங்கிவிட்டதால் இரண்டு பரம்பரையும் இப்போது ஒரே வீட்டில். போல்ட் துளையும் பொருந்தும், ஹோஸும் பொருந்தும். ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை சி.சி. எண்ணெய் என்பது மாறும். சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ள 480 சி.சி. தேவைப்படும் வண்டியில் 160 சி.சி. பெட்டி இருந்தால் மூன்று சுற்று போதும், 100 சி.சி. பெட்டியை மாட்டினால் ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். டிராக்டரில் இருந்து கழற்றிய, நடுநிலையில் எண்ணெயைத் திறந்துவிடும் வகைப் பெட்டியை, அழுத்தச் செய்தி கேட்கும் வகை வண்டியில் மாட்டினால் பிரையாரிட்டி வால்வுக்குச் செய்தியே போகாது. மாட்டிய பிறகு முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஓரத்தில் அழுத்திப் பிடிக்காமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் பல தடவை திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் அளவை மறுபடி பார்த்து நிரப்ப வேண்டும். கழற்றிய பழைய ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதும் நல்லது. அதன் மடிப்புகளில் மின்னும் பித்தளைப் பொடி இருந்தால் பம்ப் தேய்கிறது, புது ஆர்பிட்ராலுக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது.